கார் உள்ளே லைற் கட்டும்போது விடும் பிழைகள்

போன வருடம் நல்லூர்த் திருவிழா நேரம், ஒரு பின்னேரம் மனைவியின் தம்பி கோல் எடுத்தான். "அத்தான், காருக்குள்ள ஏதோ எரியிற மணம் வருது. ஒருக்கா வந்து பாருங்கோ." முற்றத்தில் நின்ற வேகன் ஆரின் சாரதி இருக்கையைப் பின்னால் தள்ளி, ரோச் அடித்துப் பார்த்தேன். இருக்கை வழுக்கிப் போகும் இரும்புத் தண்டுக்கு அடியில் மெல்லிய சிவப்பு வயர் ஒன்று நசிந்து கிடந்தது. உறை கிழிந்து செம்பு தெரிந்தது. பக்கத்தில் விரிப்பில் ஒரு ரூபாய்க் குற்றி அளவில் கறுப்பு வட்டம். தொட்டுப் பார்த்தேன், உருகி இறுகிய நார் மொரமொரத்தது.

கால் வைக்கும் இடத்தில் நீல லைற் எரிய வேண்டும் என்று இரண்டு கிழமைக்கு முதல் அவனே கட்டிய வேலை. லைற் வடிவாகத்தான் எரிந்தது. ஆனால் வயரைப் பற்றரியில் இருந்து நேரே இழுத்திருந்தான், இடையில் பியூஸ் இல்லை. இருக்கையை முன்னே பின்னே அசைக்கும்போது மட்டும் செம்பு இரும்பில் பட்டு விலகியிருக்கிறது. பட்டபடியே நின்றிருந்தால் வயர் முழு நீளத்துக்கும் எரிந்திருக்கும்.

இதைச் சொல்வது யாரையும் பயப்படுத்த அல்ல. எங்கள் ஊர் ஆக்களுக்குத் தாங்களே ஒன்றைச் செய்து பார்க்கும் கை இருக்கிறது. தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டோம். கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் எடுத்து, மண்ணெண்ணெயில் ஒஸ்ரின் ஏ40 கார் ஓட்டினோம். அந்தக் கை இப்போதும் இருப்பதில் எனக்குச் சந்தோசம்தான். ஆனால் டைனமோ தருவது 6 வோல்ற்றில் 3 வாட், அதாவது அரை அம்பியர். பிழையாகத் தொடுத்தாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. கார் பற்றரி அப்படியல்ல. அது 12 வோல்ற்தான், தொட்டால் ஷொக் அடிக்காது. அதனால்தான் பலரும் அதைச் சாதுவான சாமான் என்று நினைக்கிறார்கள். பிளஸ் வயர், மைனஸ் கட்டியிருக்கும் பொடியில் (காரின் இரும்பு உடலில்) முட்டினால் அதே பற்றரி நூற்றுக்கணக்கான அம்பியரைக் கொட்டும். மெல்லிய வயர் ஒன்று சிவந்து உருகச் சில வினாடி போதும்.

ஆகவே முதல் பிழை, எல்லாவற்றிலும் பெரிய பிழை, பியூஸ் இல்லாமல் தொடுப்பது. பியூஸ் லைற்றைக் காப்பாற்றத்தான் இருக்கிறது என்று நினைப்பவர்கள் பலர். அது காப்பாற்றுவது வயரை. அதனால் பியூஸ் இருக்க வேண்டிய இடம் லைற்றுக்குப் பக்கத்தில் அல்ல, மின்சாரம் புறப்படும் இடத்துக்குப் பக்கத்தில். லைற்றடியில் பியூஸ் வைத்தால் அதற்கு முன்னால் வரும் ஒன்றரை மீற்றர் வயருக்குக் காவல் யார்?

எத்தனை அம்பியர் பியூஸ் போடுவது? கணக்கு சுலபம். கடையில் பரவலாகக் கிடைக்கும் 5050 வகை ஸ்ரிப் லைற்றில் மீற்றருக்கு 60 எல்இடி இருக்கும். அது மீற்றருக்கு 14.4 வாட் வரை, 12 வோல்ற்றில் 1.2 அம்பியர், எடுக்கும். நாலு பேரின் காலடிக்கும் 30 சென்ரிமீற்றர்ப் படி வெட்டினால் மொத்தம் 1.2 மீற்றர், ஏறத்தாழ ஒன்றரை அம்பியர். 3 அம்பியர் பியூஸ் தாராளம். ஊதா நிறத்தில் இருப்பது அதுதான். 5 மங்கல் பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். ஊதா இல்லை என்று கையில் கிடந்த 20-ஐக் குத்தாதீர்கள். 20 அம்பியர் ஓடும் முன்னமே அந்த மெல்லிய வயர் புகையத் தொடங்கிவிடும்.

பியூஸ் பெட்டியில் இருந்து மின்சாரம் எடுப்பதற்கென்றே இரண்டு பியூஸ் குத்தும் துணைக் கிளிப் விற்கிறார்கள். யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிப் பக்கம் மோட்டார் சாமான் வாங்கப் போகும்போது கேட்டுப் பாருங்கள். உங்கள் பெட்டியில் இருக்கும் பியூஸைக் கழற்றிக் கையில் கொண்டு போங்கள், அளவுகள் வேறு வேறு. கிளிப்பைக் குத்தும் பக்கமும் முக்கியம். பிறத்திப் பக்கம் குத்தினாலும் லைற் எரியும். ஆனால் புது லைற்றின் மின்சாரமும் பழைய பியூஸ் வழியாகவே போகும், அதற்குச் சுமை கூடும். பழைய பியூஸைக் கழற்றிவிட்டு மல்டிமீற்றரால் இரண்டு துளையையும் பாருங்கள். எதில் 12 வோல்ற் காட்டுகிறதோ அதுதான் மின்சாரம் வரும் பக்கம். கிளிப்பில் புது வயர் இல்லாத பக்கத்துக் கால் அந்தத் துளைக்குள் போக வேண்டும். எடுப்பது சிகரெட் லைற்றர் அல்லது ரேடியோவின் பியூஸாக இருக்கட்டும். பிரேக், எயார்பாக், என்ஜின் கம்பியூட்டர் என்று எழுதியிருக்கும் எதிலும் கை வைக்காதீர்கள்.

சாவி நிறுத்தினாலும் உயிரோடு இருக்கும் வயரில் கட்டுவது அடுத்த பிழை. ஒன்றரை அம்பியர் பத்து மணித்தியாலம் எரிந்தால் 15 அம்பியர்-மணி போய்விடும். சின்னக் காரின் 35 அம்பியர்-மணிப் பற்றரி, அதுவும் மூன்று வருடம் பழசு என்றால், விடிய ஸ்ராட் எடுக்காமல் போகலாம். ரிமோட்டால் நிறம் மாற்றும் வகையில், லைற்றை அணைத்த பிறகும் அந்தச் சின்னப் பெட்டி கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு கிழமை கார் எடுக்காமல் கொழும்புக்குப் போய் வருபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கதவு திறக்கும்போது மட்டும் எரிய வேண்டும் என்று கூரை லைற்றில் தொடுப்பவர்களுக்கு ஒரு விசயம். பல ஜப்பான் கார்களில் கூரை லைற்றுக்குப் பிளஸ் எப்போதும் வந்துகொண்டே இருக்கும். கதவு சுவிச் திறந்து மூடுவது மைனஸை. ஸ்ரிப்பின் மைனஸை வசதிக்காகப் பொடியில் முறுக்கினால் லைற் அணையவே அணையாது. மைனஸையும் கூரை லைற்றின் வயரில் இருந்துதான் எடுக்க வேண்டும். புது வாகனங்களில் அந்த வயரை ஆட்சி செய்வது ஒரு கம்பியூட்டர். சின்னக் குமிழ் ஒன்றுக்காகச் செய்த அதன் தலையில் மீற்றர்க் கணக்கில் ஸ்ரிப்பை ஏற்றினால் பழுதாவது ஐந்நூறு ரூபாய்ச் சாமான் அல்ல.

மஞ்சள் உறை போட்ட வயரோ மஞ்சள் கனெக்டரோ கண்டால் அது பெரும்பாலும் எயார்பாக் வயர். அதைக் கழற்றவும் வேண்டாம், குமிழ் ரெஸ்ரர் வைத்துக் குத்திப் பார்க்கவும் வேண்டாம். முன் கண்ணாடிக்குப் பக்கத்துத் தூணில் திரை எயார்பாக் இருக்கும் கார்களில் அந்த மூடிக்கு மேலால் ஸ்ரிப் ஒட்டுவதும் பிழை. விரியும் நேரம் ஒட்டிய சாமான் முகத்துக்குத்தான் வரும். அக்குவாவும் பிரியஸும் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு நிறம்: செம்மஞ்சள். முதல் தலைமுறை அக்குவாவின் ஹைபிரிட் பற்றரி 144 வோல்ற். மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் அது 201.6 வோல்ற். பின் இருக்கைப் பக்கம் வயர் ஒளிக்க இடம் தேடும்போது செம்மஞ்சள் கேபிளைக் கண்டால் மூடிவிட்டு வேறு வழி பாருங்கள். அது உயிர் எடுக்கும் மின்சாரம்.

பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் வைத்திருப்பவர்களுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. அந்தக் கார்களில் பெரும்பாலானவை தொழிற்சாலையில் இருந்து வந்தது பொடியில் பிளஸ் கட்டி. இடையில் யாராவது மாற்றியிருக்கலாம், மாற்றாமலும் இருக்கலாம். பற்றரியின் எந்த முனை பொடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பார்க்காமல் ஸ்ரிப்பின் கறுப்பு வயரைப் பொடியில் முறுக்கினால் லைற் எரியாது. அந்தக் கார்களைக் கலியாணத்துக்கு இறக்கும்போது கூரை ஓரமாக மஞ்சள் வெளிச்சம் மெதுவாக எரிந்தால் கண் எடுக்க முடியாது, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

முடிச்சுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊரில் அவை கெதியாகக் கெடும். மைத்துனனின் காரைச் சரிசெய்த அன்று ஒரு முடிச்சைப் பிரித்தேன். இரண்டு வயரையும் கையால் முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருந்தான். வெயிலில் பசை இளகி டேப் வழுக்கி வந்தது, உள்ளே செம்பு நுனியில் பச்சைத் தூள் படியத் தொடங்கியிருந்தது. தீபகற்பத்தில் எங்கே நின்றாலும் கடல் தூரமில்லை, உப்புக்காற்றில் செம்பு இப்படித்தான் போகும். பச்சை ஏறிய முடிச்சில் தடை கூடும், சூடு ஏறும், லைற் மினுங்கும். வயரை முறுக்கி ஈயம் வைத்து, மேலே சூடு காட்டினால் சுருங்கும் குழாய் போடுங்கள். முறுக்க முன்னமே குழாயை வயரில் கோத்துவிட வேண்டும், இதை மறக்காதவர் இல்லை. வயர் இரும்பு விளிம்பைக் கடக்கும் இடத்தில் வளைகுழாய் போட்டு, அசையும் எதற்கும் பக்கத்தில் போகாமல் கட்டுங்கள்.

ஸ்ரிப்பின் பின்பக்கப் பசையையும் நம்பிவிட வேண்டாம். சித்திரை வெயிலில் மூடி நிற்கும் காருக்குள் 60 பாகையைத் தாண்டும். ஒட்டும் இடத்தை ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடையுங்கள், அதற்குமேல் சின்னக் கிளிப்பும் பூட்டுங்கள். சாரதியின் காலடியில் கிளிப் பூட்டாமல் விடவே கூடாது. கழன்று தொங்கும் ஸ்ரிப் பிரேக் மிதிக்கு அடியில் போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

இவ்வளவும் பாரமாகத் தெரிகிறதா? சரி, யூஎஸ்பி துளையில் குத்தும் 5 வோல்ற் ஸ்ரிப்பில் தொடங்குங்கள். ஒரு வயரும் வெட்டத் தேவையில்லை, பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம். வெளிச்சம் கொஞ்சம் குறைவு, அது நல்லதுதான். பொதுவாக எல்லாரும் தேவையை விடக் கூட வெளிச்சம் போடுகிறார்கள். சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னும் முறையை வீதியில் போடவே வேண்டாம், அவசர வாகனம் என்று மற்றவர்கள் குழம்புவார்கள், பொலிசும் மறிக்கும்.

கட்டி முடித்த பிறகு இரவில் தெருவிளக்கு இல்லாத ஒழுங்கை ஒன்றில் காரை நிறுத்துங்கள். ஹெட்லைற்றை அணைத்துவிட்டு உள் லைற்றை மட்டும் போட்டு, சாரதி இருக்கையில் பத்து நிமிடம் இருங்கள், கண் இருட்டுக்குப் பழகட்டும். முன் கண்ணாடியில் டாஷ்போர்ட்டின் நிழலுருவம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், ஆனையிறவு தாண்டிக் கண்டி வீதியில் குறுக்கே படுத்திருக்கும் மாடு உங்களுக்குப் பிந்தித்தான் தெரியும். அந்த நிழலுருவம் மறையும் வரை வெளிச்சத்தைக் குறைத்து, அதிலேயே விட்டுவிடுங்கள்.