கடலோர மணலில் சிறுகளா உயிர்வேலி

விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம், புத்துப்பட்டு பக்கத்து மணற்காடுகளில் இடுப்புயரப் புதராகத் தானே வளரும் சிறுகளா, மணல் தோட்டத்துக்கு நல்ல உயிர்வேலி. நர்சரியில் 'களா' என்று கேட்டால் பெரும்பாலும் பெருங்களாவைத்தான் கொடுப்பார்கள். அதன் இலை நுனி மழுங்கியிருக்கும், பழமும் பெரிது. சிறுகளாவுக்கு இலை சிறியது, நுனி கூரானது. அதனால் விதையிலிருந்து வளர்ப்பதே உறுதி.

நன்றாகக் கறுத்த பழங்களை மட்டும் பறியுங்கள். சிவப்பில் பறித்தால் விதை முற்றியிருக்காது. கோயில் காட்டை விட்டுவிட்டு வரப்போரச் செடிகளில் எடுங்கள், பாதியைச் சின்னான் குருவிகளுக்கு விடுங்கள். பழங்களை இரவு முழுக்க ஊறவைத்து, மணலோடு சேர்த்துப் பிசைந்து சதையையும் பிசுபிசுப்பான பாலையும் கழுவ வேண்டும். மிதக்கும் விதை பொக்கு. மற்றதை ஒருநாள் நிழலில் உலர்த்தி, அந்த வாரத்துக்குள் விதைத்துவிடுங்கள். வெயிலில் காயவைத்து டப்பாவில் மூடிவைத்த விதை முளைக்காமல் ஏமாற்றுவதுதான் அதிகம்.

இரண்டு பங்கு மணல், ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய எரு கலந்த பாத்தியில் 1 செ.மீ. ஆழத்தில் ஊன்றுங்கள். முளைக்க இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். ஈரம் தேங்கினால் நாற்றின் கழுத்து அழுகிச் சாயும். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர். நான்கு இலை வந்ததும் பைக்கு மாற்றலாம். முதல் வருஷ வளர்ச்சி மந்தம், அந்த ஐப்பசியிலேயே நட அவசரப்பட வேண்டாம்.

அடுத்த ஐப்பசியில், வடகிழக்குப் பருவமழை மண்ணை நனைத்ததும் நடுங்கள். தை, மாசியில் நட்டால் வேர் இறங்குமுன் கோடை வந்துவிடும். ஓரடிக் குழி, 2 கிலோ எரு, செடிக்குச் செடி 2 அடி. இரட்டை வரிசையை மாற்றி மாற்றி நட்டால் அடியில் சந்து விழாது. சுற்றிலும் சருகு மூடாக்கு அவசியம். முதல் கோடையில் வாரம் ஒருமுறை 5 லிட்டர் போதும். முள் முற்றும்வரை ஆடு கடிக்கும், தற்காலிக முள்ளடைப்பு போடுங்கள்.

நட்ட செடி பிடித்துத் துளிர்த்ததும் நுனியைப் பாதிக்கு வெட்டினால் அடியிலிருந்து கிளைக்கும். பின்னர் கவாத்து, பழம் முடிந்த பிறகுதான். பூ கிளை நுனியில் வருவதால், முன்னமே வெட்டினால் அந்த ஆண்டு பழம் போச்சு. பால் கையில் பிசுபிசுக்கும், உறை போட்டுக்கொள்ளுங்கள்.

குச்சி வெட்டி நட்டால் வேர்பிடிப்பது அரிது. வேலியில் இடைவெளி விழுந்தால், பக்கத்துச் செடியின் தாழ்ந்த கிளையில் பட்டையைச் சீவி, பால் காய்ந்தபின் மழைக்காலத்தில் அந்தக் கிளையை மண்ணில் புதைத்து வேர்விடவைத்துப் பதியன் போடலாம்.