ஒரே வருடத்தில் குற்றம் மூன்று மடங்கா? மாநிலக் குற்றக் கணக்கைப் படிக்கும் முறை

தமிழ்நாட்டில் 2019-ல் பதிவான மொத்த வழக்குகள் சுமார் 4.55 லட்சம். 2020-ல் சுமார் 13.77 லட்சம். அடுத்த வருடமே ஏறக்குறைய பாதியாகிவிட்டது. இந்த மூன்று எண்ணை மட்டும் பார்க்கிற வெளியூர்க்காரர் 2020-ல் தமிழ்நாடே அரிவாளோடு அலைந்தது என்றுதான் நினைப்பார். நிஜத்தில் நாமெல்லாம் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தோம், வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனவர்கள் மேல் ஊரடங்கை மீறியதாக வழக்கு போட்டார்கள், அவ்வளவுதான். அரசு அதிகாரியின் உத்தரவை மீறுவதற்கான இந்திய தண்டனைச் சட்ட 188-வது பிரிவில் மட்டும் நாடு முழுக்க 2019-ல் 30 ஆயிரத்துக்கும் குறைவாக இருந்த வழக்குகள் 2020-ல் 6 லட்சத்தைத் தாண்டின.

அதனால் "குற்றம் இத்தனை சதவீதம் உயர்வு" என்று யாராவது படம் போட்டு அனுப்பினால், அதை அடுத்த குழுவுக்குத் தள்ளிவிடுவதற்கு முன் மூல அட்டவணையைத் திறந்து பாருங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம், அதாவது என்சிஆர்பி, 'இந்தியாவில் குற்றம்' என்ற பெயரில் வருட அறிக்கை போடுகிறது; 1953-ம் வருடக் கணக்கிலிருந்தே இருக்கும் அறிக்கை இது. இணையத்தில் இலவசம்தான், ஆனால் தாமதமாக வரும்: 2022-க்கான அறிக்கை 2023 டிசம்பரில் வந்தது. ஆகவே 'புதிய புள்ளிவிவரம்' என்று செய்தியில் வருவது பெரும்பாலும் பழைய கதை. எந்த வருடத்துக் கணக்கு என்பதை முதலில் பார்த்துவிடுங்கள்.

அட்டவணையைத் திறந்ததும் மொத்தம் என்ற வரியை விட்டுவிடுங்கள். இது என் பிடிவாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்த வரியில் கொலையும் ஒன்று, சீட்டாட்டமும் ஒன்று. தண்டனைச் சட்டத்தின் கீழ் வருபவை தனி, மதுவிலக்கு, போதைப்பொருள், சூதாட்டம் மாதிரி சிறப்பு மற்றும் உள்ளூர்ச் சட்ட வழக்குகள் தனி. இரண்டாவது வகை போலீஸ் எவ்வளவு ரெய்டு போகிறதோ அவ்வளவு ஏறும். கஞ்சா வழக்கு கூடியிருந்தால் சோதனை கூடியிருக்கிறது என்று சொல்லலாம்; கஞ்சா கூடியதா என்பதை அந்த எண் சொல்லாது.

அப்புறம் விகிதம். வழக்குகளின் எண்ணிக்கையை மக்கள்தொகையால் வகுத்து, லட்சம் பேருக்கு எத்தனை என்று சொல்வது. சுமார் 770 லட்சம் பேர் இருக்கும் தமிழ்நாட்டில் 1,690 கொலை என்றால் 2.2 வரும். பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்கு மட்டும் பெண்கள் தொகையால் வகுப்பார்கள், குழந்தைகள் விஷயத்தில் குழந்தைகள் தொகையால். இது தெரியாமல் இரண்டு விகிதங்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவர்கள் நிறைய பேர். இன்னொன்று, 2021-ல் எடுக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அப்போது நடக்கவில்லை, அதனால் வகுக்கும் எண்ணே ஒரு மதிப்பீடுதான். 2.1, 2.2 ஆனதற்கெல்லாம் பதற வேண்டாம். சின்ன மாநிலமாக இருந்தால் இன்னும் நிதானம் வேண்டும்: 10 கொலை 15 ஆனாலே 50 சதவீத உயர்வு என்று தலைப்பு போட்டுவிடலாம்.

இப்போது முக்கியமான இடம். அட்டவணையில் இருப்பது நடந்த குற்றம் அல்ல, பதிவான குற்றம். என் போனைப் பேருந்தில் யாரோ அடித்துவிட்டபோது, நான் போன காவல் நிலையத்தில் "திருட்டுன்னு எழுதாதீங்க, காணோம்னு எழுதிக் குடுங்க" என்று சொல்லி சிஎஸ்ஆர் ரசீது, அதாவது புகார் வாங்கியதற்கான ஒப்புகைச் சீட்டு, ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். எஃப்ஐஆர் கிடையாது. ஆகவே அந்தத் திருட்டு எந்த அறிக்கையிலும் இல்லை. இதற்கு நேர்மாறாக, புகார் வாங்குவதை ஒரு மாநிலம் சுலபமாக்கினால் அங்கே எண்கள் ஏறும், பார்க்கிறவர்கள் சட்டம் ஒழுங்கு கெட்டுவிட்டது என்பார்கள். கேரளா தண்டனைச் சட்ட வழக்கு விகிதத்தில் மேல் வரிசையில் நிற்கும். அதே கேரளாவில் கொலை விகிதம் 2022-ல் லட்சத்துக்கு ஒன்றுக்கும் கீழே, நாட்டுச் சராசரியோ இரண்டை ஒட்டி. என்சிஆர்பி அறிக்கையே, பதிவு கூடுவதும் குற்றம் கூடுவதும் வேறு வேறு என்று எச்சரிக்கிறது. அந்தப் பக்கத்தை யாரும் படம் பிடித்து அனுப்புவதில்லை!

அப்படியானால் எதை நம்புவது? கொலையை ஓரளவு நம்பலாம், பிணத்தை மறைப்பது கஷ்டம். மொத்த வழக்கு மூன்று மடங்கு எகிறி இறங்கிய காலத்தில், 2020-லிருந்து 2022 வரை, தமிழ்நாட்டுக் கொலை எண்ணிக்கை 1,660-க்கும் 1,690-க்கும் நடுவில்தான் நின்றது. வாகனத் திருட்டும் பரவாயில்லை, எஃப்ஐஆர் இல்லாமல் இன்சூரன்ஸ் பணம் வராது என்பதால் வண்டிக்காரர் விடமாட்டார். பாலியல் குற்றங்கள், குடும்ப வன்முறை, ஆன்லைன் மோசடி மூன்றிலும் எண் ஏறினால் உடனே எந்த முடிவுக்கும் வராதீர்கள். 2020-ல் நாடு முழுக்கப் பெண்களுக்கு எதிரான குற்றப் பதிவு சுமார் 8 சதவீதம் குறைந்தது. அடிக்கிறவனோடு ஒரே வீட்டில் பூட்டிக் கிடந்தவர் எப்படிப் போய்ப் புகார் கொடுப்பார்?

ஒரே எஃப்ஐஆரில் பல குற்றம் இருந்தால் அதில் பெரியதை மட்டும் கணக்கில் எடுப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். பாலியல் வன்கொடுமை செய்துவிட்டுக் கொன்றால் அது கொலை, பாலியல் வன்கொடுமை வரிசையில் வராது.

அடுத்து, நீங்கள் ஒப்பிடும் இரண்டு வருடங்களுக்கு நடுவே சட்டமோ எல்லையோ மாறியதா என்று பாருங்கள். பாலியல் வன்கொடுமை வழக்குகள் 2012-ல் 24,923, 2013-ல் 33,707. 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பேருந்தில் நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு சட்டத்தின் வரையறையே விரிந்தது, புகார் கொடுக்கும் தைரியமும் கூடியது. எல்லை விஷயம் என்றால், 2014-ல் தெலங்கானா பிரிந்த பிறகு ஆந்திராவின் எண் சரிந்ததை எவனாவது சாதனையாகக் காட்டினால் சிரித்துவிட்டு நகரலாம். சென்னையிலும் அதே கதைதான்: 2022 ஜனவரியில் தாம்பரமும் ஆவடியும் தனிக் கமிஷனரேட் ஆனதால், மாவட்ட அட்டவணையில் சென்னையைப் பழைய வருடங்களோடு அப்படியே ஒப்பிட முடியாது, மூன்றையும் சேர்த்தாலும் பழைய எல்லை அப்படியே கிடைக்காது.

சரி, போக்கு என்ன என்று தெரிய வேண்டுமா? ஒரே குற்ற வகையை எடுத்துக்கொண்டு ஐந்தாறு வருட விகிதத்தை வரிசையாக எழுதுங்கள், 2020-க்கு மேல் ஒரு நட்சத்திரக் குறி போடுங்கள், முடிந்தால் 2019-ஐ அடிப்படையாக வையுங்கள். 2024-க்கு வந்ததும் அங்கே ஒரு கோடு கிழிக்க வேண்டியிருக்கும். அந்த ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் பறிப்புக்கு 304 என்று தனிப் பிரிவு இருக்கிறது, எனவே செயின் பறிப்பைத் திருட்டோடு கூட்டாமல் விட்டால் திருட்டு திடீரென்று குறைந்த மாதிரி தெரியும்.