அவமதிப்பா, நிந்தனையா, துஷ்பிரயோகமா: இடத்துக்கு ஏற்ற சொல்லைத் தேர்வது எப்படி?

மெய்ப்புப் பார்க்கும் வேலைக்கு வந்து எனக்கு 22 ஆண்டுகள் ஆகின்றன. ஒருமுறை ஒரு செய்தி என் மேசைக்கு வந்தது. ‘தலைவர் சிலை அவமதிப்பு’ என்று தலைப்பு. சிலையின் வலது கை உடைந்து கிடக்கிறது என்பது செய்தி. உடைத்தது யார் என்று ஒரு வரிகூட இல்லை. நிருபரை அழைத்துக் கேட்டேன். விசாரித்துவிட்டு வந்து, இரவில் வீசிய காற்றில் மரக்கிளை முறிந்து சிலைமேல் விழுந்ததாகச் சொன்னார். தலைப்பை ‘சிலை சேதம்’ என்று மாற்றினோம். அன்றைக்கு அந்த ஒரு சொல் அச்சாகியிருந்தால் ஊர் இரண்டுபட்டிருக்கும்.

அகராதியில் இந்தச் சொற்களைத் தேடினால் அவமதிப்பு, அவமரியாதை, இகழ்ச்சி, நிந்தனை, தூஷணம், இழிவுபடுத்துதல் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்கலாம் என்று தோன்றும். வைக்கக் கூடாது. இவை ஒவ்வொன்றும் ஒருவர்மேல் குற்றம் சுமத்தும் சொல். எழுதுவதற்கு முன்பு செய்தவரின் நோக்கம் நமக்குத் தெரியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தெரியாது என்றால் நடந்ததை மட்டும் எழுதுங்கள்: கை உடைந்தது, சாயம் ஊற்றப்பட்டது, பெயர்ப்பலகை அகற்றப்பட்டது.

‘மதிக்கவில்லை’ என்பதும் ‘அவமதித்தார்’ என்பதும் ஒன்றல்ல. பெரியவர் உள்ளே வரும்போது இளைஞர் எழுந்து நிற்கவில்லை. அது மதியாமை, கவனிக்காமல்கூட இருந்திருக்கலாம். அவரைப் பார்த்துவிட்டு வேண்டுமென்றே காலை நீட்டிக்கொண்டார் என்றால் அது அவமதிப்பு. முதலாவது ஒன்றைச் செய்யாமல் விட்டது, இரண்டாவது ஒன்றைச் செய்தது. இரண்டுக்கும் நடுவில் அலட்சியம், உதாசீனம் என்று படிகள் இருக்கின்றன. கீழ்ப்படியில் நிற்பவரை ஒரே சொல்லில் மேல்படிக்கு ஏற்றிவிடாதீர்கள்.

குழப்பம் வந்தால் வினையைச் சேர்த்துப் பாருங்கள். ‘அவமானப்பட்டார்’ என்கிறோம், ‘அவமதிப்புப்பட்டார்’ என்று யாரும் சொல்வதில்லை. அவமதிப்பு செய்தவர் பக்கம் இருக்கிறது, அவமானம் பட்டவர் பக்கம் இருக்கிறது. ‘கூட்டத்தில் அவருக்கு அவமானம் நேர்ந்தது’ என்று எழுதினால் செய்தவர் மறைந்துவிடுகிறார்; செய்தவர் யாரென்று தெரிந்திருந்தால் அவரை எழுவாயாக்கி, ‘அவமதித்தார்’ என்று எழுதுவதே நேர்மை. அவமரியாதை நடத்தையைக் குறிப்பது: ‘அவமரியாதையாக நடந்துகொண்டார்’. நிந்தித்தல் சொல்லால் செய்வது. ‘கல்லெறிந்து நிந்தித்தார்’ என்றால் காது ஒப்புக்கொள்வதில்லை. தூற்றுதல் களத்திலிருந்து வந்த சொல். பதர் பறக்க நெல்லைக் காற்றில் தூற்றுவதுபோல, ஒருவர்மேல் பழியை நாலு பேர் அறியப் பரப்புவது அது. நாலு சுவருக்குள் திட்டியதைத் தூற்றினார் என்று எழுத முடியாது.

சட்டத்தில் நிலைபெற்ற தொடர்களை மாற்றவே மாற்றாதீர்கள். இந்தியாவின் 1971ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டப்படி, தீர்ப்பை வேண்டுமென்றே நிறைவேற்றாமல் இருப்பதும் அவமதிப்புதான். அங்கே ‘நீதிமன்ற நிந்தனை’ என்று அழகுக்காக எழுதினால் பொருளே மாறிவிடும்.

புனிதமானவற்றைப் பற்றி எழுதும்போது இன்னும் கவனம் வேண்டும். தெய்வநிந்தனை, மதநிந்தனை என்பவை பேச்சையும் எழுத்தையும் பற்றியவை. தமிழ்க் கிறித்தவ வழக்கில் அதையே தேவதூஷணம் என்பார்கள். ஆனால் தனியே தூஷணம் என்றால் இலங்கைத் தமிழர் கெட்ட வார்த்தை என்றே புரிந்துகொள்வார்கள். அவர்களும் படிக்கும் எழுத்தில் இதை நினைவில் வையுங்கள். வழிபாட்டிடத்துக்குள் புகுந்து செய்த அட்டூழியத்துக்கு நிந்தனை போதாது. ‘புனிதத்தைக் கெடுத்தனர்’ என்று நேராக எழுதலாம். மாசுபடுத்துதல் இப்போது காற்றுக்கும் நீருக்கும் போய்விட்டது. தீட்டுப்படுத்துதல் என்ற சொல்லை இந்த இடத்தில் நான் பார்த்தால் அடித்துவிடுவேன். பிறப்பையும் பெண்ணுடலையும் காட்டி மனிதரை ஒதுக்கிவைத்த சொல் அது. குற்றம் செய்தவரைச் சுட்ட அதை எடுத்தால், குற்றமே செய்யாத எத்தனையோ பேர்மேலும் போய் விழும்.

கடுஞ்சொல் எல்லாம் நிந்தனையும் அல்ல. ‘நீ என் அடிமை’ என்று வழக்காட வந்த முதியவரைச் சுந்தரர் பித்தன் என்று ஏசினார். வந்தவர் சிவன் என்று தெரிந்த பிறகு, அந்த ‘பித்தா’வையே முதற்சொல்லாக்கித் திருவெண்ணெய்நல்லூரில் பாடினார். வன்மை பேசியதால் வன்தொண்டர் என்று பெயரும் பெற்றார். அந்தப் பதிகத்தை நிந்தனை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? உரிமையோடு பேசுவதற்கு ‘கடிந்துகொண்டார்’, ‘ஏசினார்’ என்று வேறு சொற்கள் நம்மிடம் இருக்கின்றன.

இனி, தவறான பயன்பாடு. மருத்துவர் சொன்ன அளவைப் பிழையாகக் கேட்டு ஒருவர் கூடுதலாக மருந்தை விழுங்கிவிட்டார் என்றால் அது தவறான பயன்பாடு. பதவியில் இருப்பவர் தெரிந்தே தன் மகனுக்கு ஒப்பந்தம் கிடைக்கச் செய்தால் அது அதிகார துஷ்பிரயோகம். துஷ்பிரயோகம் என்று எழுதினால் அறிந்து செய்தார் என்று சொல்கிறோம். பணத்துக்குக் கையாடல் என்ற சொல் இருக்கிறது. ஆனால் ஒப்படைத்த பணத்தை எடுத்துக்கொண்டால்தான் அது கையாடல். ஏமாற்றிப் பிடுங்கியது மோசடி. கணக்கு இடிக்கிறது, காரணம் தெரியவில்லை என்னும் கட்டத்தில் முறைகேடு என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான் விட்டுக்கொடுக்காத ஓர் இடம் உண்டு: ‘குழந்தை துஷ்பிரயோகம்’. இத்தொடர், குறிப்பாக இலங்கை வழக்கில், நன்றாகப் பரவியிருக்கிறது. நல்ல நோக்கத்தோடுதான் எழுதுகிறார்கள். ஆனால் பிரயோகம் என்றால் பயன்படுத்துதல். அதிகாரத்தைப் பயன்படுத்தலாம், மருந்தைப் பயன்படுத்தலாம். குழந்தையை நல்லவிதமாகப் பயன்படுத்துவது என்று ஒன்று உண்டா?

அண்மையில் ஒரு மொழிபெயர்ப்பு நூலின் மெய்ப்பில் இத்தொடர் 14 இடங்களில் இருந்தது. மொழிபெயர்ப்பாளரும் நானும் உட்கார்ந்து ஒவ்வோர் இடத்திலும் அந்தக் குழந்தைக்கு என்ன நடந்தது என்று பார்த்தோம். மூன்று இடங்களில் அடித்திருந்தார்கள். இரண்டில் பட்டினி போட்டிருந்தார்கள். ஐந்தில் பாலியல் வன்கொடுமை. ஓரிடத்தில் வாரக்கணக்கில் அறையில் பூட்டிவைத்திருந்தார்கள். அவற்றை அப்படியே எழுதினோம். பொதுவாகச் சொல்லியிருந்த மற்ற மூன்று இடங்களில் ‘குழந்தைகள் மீதான கொடுமை’ என்று போட்டோம். முழுப் பகலும் அதற்கே சரியாக இருந்தது.