பக்கத்து மனையில் பெட்ரோல் பங்க் வருகிறதா? முதலில் வரைபடத்தைக் கேளுங்கள்

பத்தொன்பது வருடம் திட்ட அனுமதிக் கோப்புகளைப் புரட்டிய கை இது. பங்க் விண்ணப்பம் ஒன்று வந்தால் பின்னாலேயே அக்கம்பக்கத்தாரின் மனுக்கள் கட்டுக்கட்டாக வரும். ஒரே வாசகம், இருநூறு கையெழுத்து: ‘எங்களுக்கு இது வேண்டாம்.’ எண்ணிப் பார்த்து, ‘இருநூறு ஆட்சேபனைகள் வந்தன’ என்று ஒரு வரி எழுதிக் கோப்பில் சேர்ப்போம். அவ்வளவுதான். ஒருமுறை ஒரு அம்மாள் தனியாக அரைப் பக்கம் எழுதினார்: ‘நான்காம் தாளில் டேங்கர் லாரி திரும்பும் கோடு நடைபாதை மேல் ஏறுகிறது.’ எடுத்துப் பார்த்தோம், ஏறத்தான் செய்தது. புது வரைபடம் வரும்வரை அந்தக் கோப்பு நகரவில்லை.

ஆகவே மனு எழுத உட்காரும் முன் கோப்பின் நகலை வாங்குங்கள். முதலில் பார்க்க வேண்டியது, பங்க் வைப்பவர்கள் கேட்பது எந்த அனுமதி என்பதை. அந்த இடத்தின் நிலப் பயன்பாட்டிலேயே பங்க் அனுமதிக்கப்பட்டிருந்தால் அதிகாரியின் கை கட்டப்பட்டிருக்கும். அளவுகள் விதிப்படி இருக்கின்றனவா என்று மட்டும்தான் அவர் பார்க்க முடியும். சிறப்பு அனுமதியோ நிலப் பயன்பாட்டு மாற்றமோ கேட்டிருந்தால் ‘இந்த இடத்துக்கு இது பொருந்துமா’ என்ற கேள்வியையே நீங்கள் எழுப்பலாம். இது தெரியாமல் எழுதும் மனு பாதி வீண். ஆட்சேபனைக்கான கடைசித் தேதியையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மனை வரைபடம். என் அனுபவத்தில் தப்பு ஒளிந்திருப்பது டேங்கர் லாரி வரும் பாதையில்தான். வரைபடத்தில் எந்த நீள லாரிக்குத் திருப்பம் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். சின்ன லாரிக்கு வரைந்து காட்டிவிட்டுப் பெரிய லாரியில் எண்ணெய் இறக்குவது பழைய கதை. அட்டையில் அதே அளவுகோலில் ஒரு லாரி வெட்டி, தாளின் மேல் நகர்த்திப் பாருங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் உண்மை தெரியும். லாரி பின்னால் நகராமல் முகம் முன்னோக்கியே வெளியேற முடிய வேண்டும். எண்ணெய் இறக்கும் நேரத்தில் அது எங்கே நிற்கும், அப்போது கார்கள் எந்தப் பக்கம் போகும்?

பம்பிலிருந்து சாலை வரை உள்ள நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள். இடைவெளியோடு சேர்த்து ஒரு காருக்கு ஏறக்குறைய 6 மீட்டர். 18 மீட்டர்தான் இருக்கிறது என்றால் நான்காவது கார் சாலையில் நிற்கும். போக்குவரத்துக் கணக்கெடுப்பு எந்தத் தேதியில் நடந்தது என்று நாள்காட்டியோடு ஒப்பிடுங்கள். பள்ளி விடுமுறையில் எடுத்த கணக்கு ஒன்று என் மேஜைக்கே வந்திருக்கிறது.

பிறகு வென்ட் பைப். நிலத்தடித் தொட்டியின் ஆவி வெளியேறும் குழாய் அது. பெரும்பாலும் பின்சுவர் ஓரத்தில், அதாவது உங்கள் வீட்டுப் பக்கத்தில், ஒரு சின்ன வட்டமாகக் குறித்திருப்பார்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது, தாழ்ந்து தரையோடு பரவும். அதில் உள்ள பென்சீன் புற்றுநோய் உண்டாக்குவது என்று உறுதிசெய்யப்பட்ட பொருள். விண்ணப்பதாரர் பம்பிலிருந்து தூரம் அளந்து காட்டுவார். நீங்கள் வென்ட் பைப், எண்ணெய் இறக்கும் வாய், பம்ப் மூன்றில் எது வீட்டுக்கு மிக அருகிலோ அதிலிருந்து அளந்து எழுதுங்கள். இந்தியாவில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020இல் வெளியிட்ட நெறிமுறையும் அப்படித்தான் அளக்கச் சொல்கிறது: பள்ளி, 10 படுக்கைக்குக் குறையாத மருத்துவமனை, குடியிருப்புப் பகுதி ஆகியவற்றுக்கு 50 மீட்டர். உங்கள் ஊர் விதியில் வேறு எண் இருக்கலாம்; அந்த எண்ணையே மேற்கோள் காட்டுங்கள்.

நிலத்தடித் தொட்டி இரட்டைச் சுவர் கொண்டதா, கசிவைக் கண்டறியும் கருவி உண்டா, தளத்தில் விழும் மழைநீர் எண்ணெய் பிரிப்பான் வழியாகப் போகிறதா என்று கேளுங்கள். கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிக்கா நகரம், பெட்ரோலில் அப்போது கலந்துவந்த எம்டிபிஇ என்ற வேதிப்பொருள் நிலத்தடி நீரில் இறங்கியதால், 1996இல் குடிநீர்க் கிணறுகளை மூட வேண்டியதாயிற்று.

‘வீட்டு விலை குறையும்’, ‘ஏற்கெனவே மூன்று பங்க் இருக்கிறது’ என்ற வாதங்களை விட்டுவிடுங்கள். பெரும்பாலான இடங்களில் அவை கணக்கில் வராது. மற்ற நல்ல வாதங்களையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் உங்களுக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கும். ஆளுக்கொரு தாள் எண் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் லாரி, ஒருவர் கார் வரிசை, ஒருவர் வென்ட் பைப். குரலை உயர்த்தினால் தலைவர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிப்பார். ‘அனுமதி கொடுப்பதாக இருந்தால்’ என்று தொடங்கி நிபந்தனைகளையும் எழுத்தில் கொடுங்கள். தோற்றுப்போனதுபோல் இருக்கும் என்று பலர் இதைச் செய்வதில்லை, எனக்கு அது வருத்தம். இரவு பத்துக்கு மேல் டேங்கர் வரக்கூடாது, கூரை விளக்கு கீழ்நோக்கி மட்டுமே எரிய வேண்டும், ஆவி மீட்புக் கருவி பொருத்த வேண்டும், வென்ட் பைப் எதிர்ச் சுவருக்கு மாற வேண்டும்: இப்படி அளக்கக்கூடியதாக இருக்கட்டும். ‘தொந்தரவு இல்லாமல் நடத்த வேண்டும்’ என்று எழுதினால் அதை யாராலும் சரிபார்க்க முடியாது.

உத்தரவு வந்ததும் நிபந்தனைப் பக்கத்தின் நகலை வாங்கி வையுங்கள். பங்க் திறக்கும் முன், கட்டி முடித்ததற்கான சான்று கேட்டு அவர்கள் விண்ணப்பிப்பார்கள். அந்த வாரம் அந்தப் பக்கத்தோடு போய் வென்ட் பைப் எந்தச் சுவரில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.