பள்ளிக் கணினிகளில் உலாவி நீட்சிகளை ஒரே சீராக நிறுவுதல்

ஒரே கணினியைப் பல மாணவர்கள் மாறி மாறிப் பயன்படுத்தும் கூடத்தில், விளம்பரத் தடுப்பு போன்ற நீட்சியை (உலாவியில் கூடுதல் வசதி சேர்க்கும் சிறு நிரலை) ஒவ்வொரு கணக்கிலும் தனித்தனியே நிறுவுவது வீண் உழைப்பு. ஃபயர்பாக்ஸ் உலாவியில், 2018-இல் வெளிவந்த 60-ஆம் பதிப்பு முதல், ‘பாலிசீஸ்.ஜேசன்’ என்னும் ஒரே கோப்பைக் கொண்டு அக்கணினியின் எல்லாப் பயனர்களுக்கும் விதி வகுத்துவிடலாம்.

விண்டோஸில், உலாவி நிறுவப்பட்ட கோப்புறைக்குள் ‘டிஸ்ட்ரிப்யூஷன்’ என்னும் துணைக் கோப்புறையை உருவாக்கி, இக்கோப்பை அதில் வைக்க வேண்டும். அதன் ‘எக்ஸ்டென்ஷன்செட்டிங்ஸ்’ பகுதியில், முதலில் நட்சத்திரக் குறியின்கீழ் எல்லா நீட்சிகளையும் ‘பிளாக்ட்’ எனத் தடுத்துவிட்டு, பிறகு தேவையான நீட்சியின் அடையாளக் குறியீட்டையும் பதிவிறக்க முகவரியையும் தந்து ‘ஃபோர்ஸ்_இன்ஸ்டால்ட்’ (கட்டாய நிறுவல்) என்று குறிப்பிட்டால், அந்த நீட்சி தானாகவே நிறுவப்படும்; அதை மாணவர்களால் நீக்க இயலாது. குறியீட்டில் ஓர் எழுத்து பிழைத்தாலும் நிறுவல் நடக்காது என்பதால், நீட்சி ஏற்கெனவே உள்ள கணினியில் முகவரிப் பட்டையில் ‘அபவுட்:சப்போர்ட்’ என்று தட்டினால் திறக்கும் பக்கத்திலிருந்து நகலெடுப்பதே நல்லது.

உலாவல் வரலாற்றைச் சேமிக்காத தனிப்பட்ட சாளரத்தில், தனியாக அனுமதி தராவிட்டால் நீட்சிகள் இயங்குவதில்லை. ஆகவே அச்சாளரத்தையே முடக்கும் ‘டிஸேபிள்பிரைவேட்பிரவுசிங்’ விதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சில நீட்சிகளுக்குக் குழந்தைகள் திறக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் படிக்கும் அனுமதி உண்டு. அதனால் பாடத்திற்கு உண்மையிலேயே தேவைப்படுபவற்றை மட்டுமே பட்டியலில் இடுங்கள்.

முதலில் ஒரு கணினியில் மட்டும் உலாவியை மூடித் திறந்து, ‘அபவுட்:பாலிசீஸ்’ பக்கத்தில் பிழை ஏதும் காட்டவில்லை என்று உறுதிசெய்த பிறகே, கோப்பை மற்றக் கணினிகளுக்கு நகலெடுங்கள்.