ஒரு மாகாணக் கால்பந்துக் கழகத்தின் வரலாற்றை எழுதுவது எப்படி: கொலம்பியாவின் ஒன்சே கால்தாஸை முன்வைத்து

தலைநகரத்துப் பெருங்கழகங்களின் வரலாற்றை எழுதுவோருக்குத் தரவுக்குப் பஞ்சமில்லை. மலையூர் ஒன்றின் கழகத்தை எழுத முற்படுவோர் அப்படியல்ல. அவர்கள் பெயர் மாற்றங்களிலும், மறைந்துபோன அணிகளிலும், இடம் மாறிய எல்லைகளிலும் தடுமாற நேரும். கொலம்பியாவின் மனிசாலெஸ் நகரைச் சேர்ந்த ஒன்சே கால்தாஸ் இதற்குத் தகுந்த எடுத்துக்காட்டு. 2004-இல் தென்னமெரிக்காவின் மிகப்பெரிய கழகக் கோப்பையான கோப்பா லிபெர்தாதோரெஸை அது வென்றது. அந்த ஒற்றை இரவிலிருந்து பின்னோக்கி எழுதப்படும் கதைகளே அதிகம். ஊரிலிருந்து தொடங்கி முன்னோக்கி எழுதினால்தான் அந்த இரவுக்கே பொருள் கிடைக்கும் என்பது என் உறுதியான எண்ணம்; இந்த வழிகாட்டி அந்த முறையைத்தான் விளக்குகிறது.

முதலில் ஊரை அறிந்துகொள்ளுங்கள். மனிசாலெஸ் 1849-இல் குடியேறிகளால் நிறுவப்பட்ட, ஆந்தீஸ் மலைத்தொடரின் நடுக்கிளையில் ஏறத்தாழ 2,150 மீட்டர் உயரத்தில் அமைந்த காப்பி நகரம். 1905-இல் உருவான கால்தாஸ் மாகாணத்தின் தலைநகரம் அது. மாகாணத்தின் பெயர் ஃபிரான்சிஸ்கோ ஹொசே தெ கால்தாஸ் என்னும் அறிவியலாளரை நினைவுகூர்கிறது. தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையைக் கொண்டு மலையின் உயரத்தைக் கணிக்கும் முறையை வகுத்தவர் அவர். விடுதலைப் போரின்போது 1816-இல் ஸ்பானியரால் சுட்டுக்கொல்லப்பட்டார். உயரத்தை அளந்தவரின் பெயரைத் தாங்கிய ஓர் அணியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அதன் மைதானத்தின் உயரமே முதல் பேச்சாக இருப்பது எனக்கு எப்போதும் வியப்பைத் தருகிறது.

அடுத்து, நிலப்படத்தை அந்தந்தக் காலத்துக்கு உரியதாக வைத்துக்கொள்ளுங்கள். இன்று பெரெய்ரா நகரம் ரிசரால்தா மாகாணத்திலும், அர்மேனியா நகரம் கிந்தியோ மாகாணத்திலும் உள்ளன. ஆனால் 1966-67 வரை இவ்விரண்டும் மனிசாலெஸும் ஒரே கால்தாஸ் மாகாணத்தின் ஊர்களாகவே இருந்தன. ஆகவே 1956-இல் அர்மேனியாவின் தெபொர்தெஸ் கிந்தியோ அணி தேசிய வாகையர் பட்டம் வென்றபோது, அதை அண்டை மாகாணத்தின் வெற்றி என்று எழுதுவது பிழையாகும். ஒரே மாகாணத்துக்குள் மூன்று நகரங்கள் தத்தம் அணிகளை வளர்த்துக்கொண்டன என்பதை விளக்காமல், காப்பி நாட்டு அணிகளுக்கு இடையேயான போட்டியுணர்வை வாசகருக்குப் புரியவைக்க முடியாது.

மிகக் கூடுதல் கவனத்தைக் கோருவது பிறப்பும் பெயரும் பற்றிய பகுதி. ஸ்பானிய மொழியில் ‘ஒன்சே’ என்றால் பதினொன்று. பதினொரு ஆட்டக்காரர்களையே அது குறிக்கிறது. கொலம்பியாவின் தொழில்முறைத் தொடர் திமயோர் அமைப்பின் கீழ் 1948-இல் பத்து அணிகளுடன் தொடங்கியபோது, மனிசாலெஸிலிருந்து ஒன்றல்ல, இரண்டு அணிகள் அதில் இருந்தன: ஒன்சே தெபொர்தீவோ, தெபொர்தெஸ் கால்தாஸ். இன்றைய கழகத்தின் பெயரில் இவ்விரண்டின் துண்டுகளும் ஒட்டியிருப்பதைக் கவனியுங்கள். இன்றைய கழகம் நிறுவப்பட்ட ஆண்டாகச் சில இடங்களில் 1959-உம், சில இடங்களில் 1961-உம் தரப்படுகின்றன. இத்தகைய முரண்பாட்டைக் கண்டவுடன் ஒன்றைத் தேர்ந்து மற்றதை அழித்துவிடாதீர்கள். கூடிப் பேசி முடிவெடுத்த நாள், பதிவு செய்த நாள், முதல் ஆட்டம் ஆடிய நாள் ஆகியவை தனித்தனியானவை என்பதால், கிடைக்கும் ஒவ்வொரு ஆண்டும் இவற்றில் எதைக் குறிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். விடை கிடைக்காவிட்டால் இரண்டையும் அருகருகே எழுதுவதே நேர்மை.

இதனோடு சேர்ந்தே வருவது பட்டங்களின் எண்ணிக்கை. ஒன்சே கால்தாஸுக்கு நான்கு தேசியப் பட்டங்கள் என்பார்கள்: 1950, 2003, 2009, 2010. இவற்றுள் முதலாவதை வென்றது தெபொர்தெஸ் கால்தாஸ். மனிசாலெஸ் மக்கள் அதைத் தங்கள் அணியின் பட்டமாகவே போற்றுகிறார்கள், அதில் தவறில்லை. எழுதுபவரோ அந்த ஆண்டுக்குப் பக்கத்தில் வென்ற அணியின் அன்றைய பெயரையும் எழுத வேண்டும். 1950-இன் அருமையைச் சொல்ல, ‘எல் தொராதோ’ எனப்படும் அந்தக் காலத்தையும் சுருக்கமாகவேனும் விளக்குங்கள். அர்ஜென்டினாவில் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்திருந்த வேளையில், உலகக் கால்பந்து அமைப்பால் விலக்கிவைக்கப்பட்டிருந்த கொலம்பியத் தொடரின் கழகங்கள், ஆட்டக்காரரின் பழைய கழகத்துக்குத் தர வேண்டிய மாற்றுக் கட்டணம் ஏதும் தராமலே வெளிநாட்டு ஆட்டக்காரர்களை வரவழைத்தன. தலைநகர் போகொத்தாவின் மில்லொனாரியோஸ் அணிக்கு அர்ஜென்டின நட்சத்திரங்களான ஆல்ஃபிரெதோ தி ஸ்தெஃபனோவும் அதோல்ஃபோ பெதெர்னேராவும் வந்தார்கள். 1951-ஆம் ஆண்டு லிமா ஒப்பந்தம் இதற்கு முடிவு கட்டியது. வெளிநாட்டார் 1954-க்குள் திரும்ப வேண்டும் என்றாயிற்று. மில்லொனாரியோஸ் 1949, 1951, 1952, 1953 ஆகிய ஆண்டுகளில் வாகை சூடியது. இடையில் விடுபட்ட 1950 மனிசாலெஸுக்கு உரியது என்று எழுதினால், அந்தப் பட்டத்தின் எடை தானாகவே விளங்கும்.

தரவு தேடும்போது பழைய பெயர்கள் அனைத்தையும் பட்டியலிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பண நெருக்கடியில் கழகம் தன் பெயரையே நிறுவனங்களுக்கு வாடகைக்கு விட்ட காலங்கள் உண்டு: உள்ளூர் மதுபானமான கிரிஸ்தாலின் பெயரால் கிரிஸ்தால் கால்தாஸ், மின்கல நிறுவனத்தின் பெயரால் வர்த்தா கால்தாஸ், பின்னர் ஒன்சே ஃபிலிப்ஸ். பழைய நாளிதழ்களிலும் புள்ளிவிவர அட்டவணைகளிலும் ‘ஒன்சே கால்தாஸ்’ என்று மட்டும் தேடினால் இந்தப் பருவங்கள் முழுவதுமாக மறைந்துவிடும். மனிசாலெஸிலிருந்தே 1921 முதல் வெளிவரும் ‘லா பத்ரியா’ நாளிதழை முதலில் நாடுங்கள். தேசிய நாளிதழான ‘எல் தியெம்போ’வை அதன் பிறகு பாருங்கள். உள்ளூர்ப் பத்திரிகை வென்ற ஆட்டத்தைப் பெரிதாக்கக்கூடும், தலைநகரப் பத்திரிகை அதே ஆட்டத்தை இரண்டு வரியில் முடித்துவிடக்கூடும் என்பதால், ஒன்றைக் கொண்டு மற்றொன்றைச் சரிபார்ப்பது கட்டாயம். 2002 முதல் கொலம்பியாவில் ஓராண்டில் அபெர்த்துரா, ஃபினலிசாசியோன் என இரண்டு தொடர்களும் இரண்டு வாகையர்களும் உண்டு. எனவே ‘2003-இன் வாகையர்’ என்று எழுதாமல் ‘2003 அபெர்த்துராவின் வாகையர்’ என்றே எழுதுங்கள்.

1950-க்கும் 2003-க்கும் இடைப்பட்ட 53 ஆண்டுகளை ஒரு பத்தியில் தாண்டிவிடும் ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். பழைய அரங்கம் இடிக்கப்பட்டு 1994-இல் புதிய பலோகிராந்தே அரங்கம் திறக்கப்பட்டது, அர்ஜென்டினாவில் பிறந்த செர்ஹியோ கல்வான் ரேய் வந்து கோல்களைக் குவித்தது, 1998-இல் தெபொர்தீவோ காலியிடம் இறுதி ஆட்டத்தில் தோற்றாலும் அதன்வழி 1999 லிபெர்தாதோரெஸில் ஆடும் தகுதி பெற்றது ஆகியவை 2003-க்கான படிகள். பயிற்சியாளர் லூயிஸ் ஃபெர்னாந்தோ மொந்தோயாவின் அணி பாரான்கியாவின் ஹூனியோரை வென்ற அந்த ஆண்டு திடீரென்று வந்ததன்று.

2004-ஐ எழுதும்போது, ‘மலை உயரம்தான் வென்றது’ என்ற எளிய விளக்கத்தை ஆட்ட முடிவுகளைக் கொண்டே சோதியுங்கள். காலிறுதியில் பிரேசிலின் சாந்தோஸுடன் வெளியூரில் 1-1, உள்ளூரில் 1-0. அரையிறுதியில் பிரேசிலின் சாவ் பாவ்லோவுடன் வெளியூரில் 0-0, உள்ளூரில் 2-1. இறுதியில் நடப்பு வாகையரான அர்ஜென்டினாவின் போக்கா ஜூனியர்ஸுடன் புவெனஸ் அயர்ஸில் 0-0, மனிசாலெஸில் 1-1. ஆறு ஆட்டங்களில் அடித்தவை ஐந்து கோல்கள், வாங்கியவை மூன்று. தாழ்நிலத்து அரங்கங்களில் ஒருமுறைகூடத் தோற்கவில்லை. சொந்த மலையில் ஒருமுறைகூட ஒரு கோலுக்கு மேற்பட்ட வேறுபாட்டில் வெல்லவில்லை. உயரம் உதவியிருக்கலாம்; ஆனால் இந்தக் கணக்கு சொல்வது கட்டுக்கோப்பான தற்காப்பைத்தான். ஜூலை 1 அன்று ஜோன் வியாஃபரா தொலைவிலிருந்து அடித்த கோலும், நிக்கோலாஸ் புர்திசோவின் பதில் கோலும், பின்னர் ஹுவான் கார்லோஸ் ஏனாவ் காத்த வலையில் போக்காவின் நான்கு பெனால்டிகளில் ஒன்றுகூடப் புகாமல் 2-0 என முடிந்ததும் எப்படியும் எழுதப்படும். கணக்கை அதற்கு முன்பே வாசகரிடம் கொடுத்துவிடுங்கள்.

அதே ஆண்டு டிசம்பர் 12-இல் ஜப்பானின் யோக்கோஹாமாவில் போர்ச்சுகலின் போர்த்தோவுடன் 0-0 என ஆடி, பெனால்டிகளில் 7-8 எனத் தோற்றது. கண்டங்களுக்கிடையேயான கோப்பையின் கடைசி ஆட்டமும் அதுதான். பத்து நாள் கழித்து, டிசம்பர் 22-இல், கொள்ளையரால் சுடப்பட்ட மொந்தோயாவின் கைகால்கள் செயலிழந்தன. அது நடந்த இடம் கால்தாஸ் என்று செய்திகளில் காண்பீர்கள். அந்தக் கால்தாஸ் மாகாணமன்று. மெதெயின் நகருக்குத் தெற்கே அந்தியோக்கியா மாகாணத்திலுள்ள, அவர் பிறந்த சிற்றூர். பெயர் ஒற்றுமையால் பலர் இங்கே வழுக்குகிறார்கள். இந்தப் பகுதியை எழுதும்போது உரிச்சொற்களைக் குறைத்து, நாளையும் நிகழ்வையும் மட்டும் அமைதியாக எழுதுங்கள். அவர் உயிரோடிருக்கும் மனிதர். அவருடைய துன்பம் கழகக் கதைக்கு உருக்கம் சேர்ப்பதற்கான பொருளாகிவிடக் கூடாது.

வரலாற்றை எங்கே நிறுத்துவது என்பது கடைசிக் கேள்வி. ஹவியேர் தொரென்தேயின் பயிற்சியில் 2009-இலும், ஹுவான் கார்லோஸ் ஒசோரியோவின் பயிற்சியில் 2010-இலும் பட்டங்கள் வந்தன. பிந்தையதில் இபகே நகரில் தொலீமா அணியிடம் 1-2 எனத் தோற்று, மனிசாலெஸில் 3-1 என மீண்டது. பலர் அங்கேயே முடித்துவிடுகிறார்கள். நீங்கள் 2011-ஐயும் எழுதுங்கள். 2003-இலும் 2009-இலும் இறுதி ஆட்டத்தில் தாங்கள் வென்ற அதே ஹூனியோரிடம், அந்த ஆண்டின் இரண்டாம் தொடரில், சொந்த அரங்கத்திலேயே பெனால்டிகளில் பட்டத்தை இழந்தார்கள். உங்கள் அட்டவணையில் அந்த வரி மற்ற வரிகளுக்கு நிகரான அளவில் இடம்பெறட்டும்.