விசா வரத் தாமதமா? அமெரிக்கப் படிப்புக்குக் கிளம்பும் மாணவர் முதலில் செய்ய வேண்டியவை

ஆகஸ்டில் வகுப்பு தொடங்குகிறது. ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் முடிந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, பாஸ்போர்ட் வந்தபாடில்லை. இப்படி ஆனால் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "டிக்கெட்டை என்ன செய்வது?" என்பதுதான். உண்மையில் டிக்கெட் கடைசி வேலை. முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது ஐ-20, அதாவது பல்கலைக்கழகம் உங்களுக்கு அனுப்பிய சேர்க்கைச் சான்றுப் படிவம்.

ஐ-20இன் முதல் பக்கத்தில் படிப்பு தொடங்கும் தேதி அச்சாகியிருக்கும். அதற்கு 30 நாள் முன்பிருந்துதான் எஃப்-1 (மாணவர் விசா) வைத்திருப்பவர் அமெரிக்காவுக்குள் நுழைய முடியும். ஆகஸ்ட் 24 என்று இருந்தால் ஜூலை 25 முதல் போகலாம். ஆனால் தாமதமாகும் மாணவருக்குத் தேவையான தேதி இதுவல்ல. எந்த நாள் வரை வந்து சேர்ந்தால் சேர்த்துக்கொள்வார்கள் என்பதுதான் தேவை. அது பல ஐ-20களில் இருக்காது. துறைக்குத் துறைகூட மாறும். லேப் இருக்கும் பாடங்களிலும் எட்டு வாரக் குறும்பாடங்களிலும் சலுகை குறைவு. முதல் வாரமே போய்விட்டால் பின்னால் ஈடுகட்ட முடியாது.

இதைச் சொல்லக்கூடியவர் டிஎஸ்ஓ. பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் ஐ-20இல் கையெழுத்துப் போடும் அதிகாரிக்குத்தான் அந்தப் பெயர். அவருக்கு எழுதும் மின்னஞ்சலில் வருத்தக் கதை வேண்டாம். பெயர், 'என்' எழுத்தில் தொடங்கும் செவிஸ் எண் (அமெரிக்க அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவேட்டில் உங்களுக்கான எண்), துறை, நேர்காணல் நடந்த தேதி, விசாவின் இப்போதைய நிலை, பிறகு மூன்று கேள்விகள்: கடைசியாக எந்தத் தேதிக்குள் வந்து சேர வேண்டும்? அதற்குத் தனிக் கடிதம் தருவீர்களா, அல்லது தேதி திருத்திய ஐ-20 தருவீர்களா? முடியாவிட்டால் அடுத்த செமஸ்டருக்கு மாற்ற எந்த நாளுக்குள் கேட்க வேண்டும்? ஆகஸ்ட் மாதம் அந்த அலுவலகத்துக்கு அஞ்சல்கள் வந்து குவியும். ஒரே அஞ்சலில் எல்லாம் இருந்தால்தான் ஒரே பதிலில் வேலை முடியும்.

பதில் வந்ததும் பின்னோக்கி எண்ணுங்கள். செப்டம்பர் 4 கடைசி நாள் என்று வைத்துக்கொள்வோம். பயணத்துக்கு இரண்டு நாள். விசா ஒப்புதலுக்குப் பிறகு பாஸ்போர்ட் கைக்கு வர நான்கைந்து வேலை நாள். ஆக, ஆகஸ்ட் 27, 28க்குள் நிலை மாறவில்லை என்றால் இந்த செமஸ்டர் கைவிட்டுப் போனது என்று பொருள். அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். "இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம்" என்று தள்ளித் தள்ளிப் போனால்தான் பணம் கரையும்.

எப்படிக் கரைகிறது என்பதைக் கவனியுங்கள். பாடங்களுக்குப் பதிவு செய்துவிட்டால், நீங்கள் மேற்கு மாம்பலத்தில் இருந்தாலும் வகுப்பில் இருந்தாலும் பல்கலைக்கழகத்தின் கணக்குப் பிரிவுக்கு நீங்கள் மாணவர்தான், பில் ஓடும். பெரும்பாலான இடங்களில் முதல் வகுப்புக்கு முன் விலகினால் முழுக் கட்டணமும் திரும்பும். அதன் பிறகு வாரத்துக்கு வாரம் திரும்பும் விகிதம் குறையும். மேலே சொன்ன உதாரணத்தில் முழுக் கட்டணம் திரும்பும் நாள் ஆகஸ்ட் 23, வந்து சேரக் கடைசி நாள் செப்டம்பர் 4. நடுவில் உள்ள பன்னிரண்டு நாள் காத்திருப்பதற்குத்தான் விலை. அந்த விலை எவ்வளவு என்று பதிவாளர் அலுவலகத்தில் முன்பே கேட்டு, டாலரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விலகுவதையும் டிஎஸ்ஓவிடம் சொன்னால் போதும் என்று விட்டுவிடக் கூடாது. அவர் பார்ப்பது குடிவரவுப் பதிவு. பாடப் பதிவை ரத்து செய்வது வேறு அலுவலகம். மாணவர் போர்ட்டலில் நீங்களே நீக்கி, பூஜ்யம் கிரெடிட் என்று காட்டும் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள்.

இனி தாமதத்துக்கான காரணம். நேர்காணலில் 221ஜி சீட்டு (இன்னும் ஆவணமோ பரிசீலனையோ தேவை என்று சொல்லும் தாள்) கொடுத்திருந்தால், விசா நிலையைக் காட்டும் சீயாக் தளத்தில் பார்க்கும்போது 'மறுக்கப்பட்டது' என்று வரும். அதைப் பார்த்துப் பலர் நொறுங்கிப் போகிறார்கள். 221ஜியில் கோப்பு பரிசீலனையில் இருக்கும்போதும் அந்தத் தளம் அப்படித்தான் காட்டும். 214பி மறுப்பு வேறு. அது முடிந்த முடிவு. மறுபடி போக வேண்டுமென்றால் புதிய டிஎஸ்-160 (இணைய விசா விண்ணப்பம்), புதிய கட்டணம், புதிய ஸ்லாட். கையில் கொடுத்த தாளில் எந்தப் பிரிவு குறிக்கப்பட்டிருக்கிறது என்பதை முதலில் படியுங்கள்.

221ஜி சீட்டிலேயே என்ன கேட்கிறார்கள் என்று இருக்கும். செமிகண்டக்டர், ரோபாட்டிக்ஸ், உயிரித் தொழில்நுட்பம் மாதிரித் துறைகளில் ரெஸ்யூமே, ஆராய்ச்சித் திட்டச் சுருக்கம், வழிகாட்டிப் பேராசிரியர் விவரம், வெளியான கட்டுரைகளின் பட்டியல் கேட்பது வழக்கம். டிஎஸ்-5535 என்ற கூடுதல் கேள்விப் படிவம் வந்தால் கடந்த 15 ஆண்டு முகவரிகள், வேலை, வெளிநாட்டுப் பயணங்கள், ஐந்தாண்டு தொலைபேசி எண்கள், மின்னஞ்சல்கள், சமூக ஊடகப் பெயர்கள் எல்லாம் கொடுக்க வேண்டும். இங்கே நடக்கும் தவறு அவசரம்: டிஎஸ்-160இல் ஒரு முகவரி, இதில் வேறு முகவரி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்து, ஒரே தடவையில் முழுதாக அனுப்புங்கள். துண்டு துண்டாக அனுப்பினால் கோப்பு முழுமையாகாமல் கிடக்கும். கேட்டதை ஓராண்டுக்குள் கொடுக்காவிட்டால் முதலிலிருந்து கட்டணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டும்.

எதுவும் கேட்காமல் வெறும் பரிசீலனை என்று சொன்னால், உண்மையில் செய்ய ஒன்றுமில்லை. தினமும் மின்னஞ்சல் அனுப்புவது கோப்பை வேகப்படுத்தாது. பணம் வாங்கிக்கொண்டு உள்ளே ஆள் இருக்கிறது என்பவரிடம் போகவே போகாதீர்கள்.

நேர்காணல் ஸ்லாட்டே கிடைக்காதவர்களுக்கு வழி வேறு. 2025 மே 27 முதல் ஜூன் 18 வரை மாணவர் விசாவுக்கான புதிய நேர்காணல் முன்பதிவே நிறுத்தி வைக்கப்பட்டது. அந்த ஆண்டு ஃபால் (ஆகஸ்டில் தொடங்கும்) செமஸ்டரில் சேர இருந்தவர்கள் மாட்டிக்கொண்டது அதில்தான். கிடைக்கும் ஏதாவது ஒரு தேதியை முதலில் பதிவு செய்து வைத்துக்கொண்டு, பிறகு ஐ-20 தேதியைக் காட்டி விரைவு நேர்காணல் கேட்கலாம். கோரிக்கை ஏற்கப்படும் வரை பழைய தேதியை விடாதீர்கள். 221ஜியில் இருப்பவருக்கு இந்த விரைவு வழி பொருந்தாது.

ஒத்திவைப்பது என்று முடிவானால் நல்ல சேதி ஒன்று உண்டு. அதே பல்கலைக்கழகத்தில் அடுத்த செமஸ்டருக்கு மாற்றினால் பொதுவாகச் செவிஸ் எண் மாறாது. டிஎஸ்ஓ தேதியை மட்டும் நகர்த்திப் புது ஐ-20 தருவார். கட்டிய 350 டாலர் செவிஸ் கட்டணம் அப்படியே செல்லும். விசா ஏற்கெனவே வந்திருந்தாலும், அதிலுள்ள எண்ணும் புது ஐ-20இன் எண்ணும் ஒன்றாக இருந்தால் அதே விசாவில் போகலாம். விசா இன்னும் தூதரகத்தில் என்றால் புது ஐ-20ஐ அவர்கள் சொன்ன வழியில் அனுப்பி வையுங்கள். பழைய தேதி கடந்த ஐ-20ஐ வைத்து விசா எதிர்பார்க்க முடியாது. சொல்லாமல் இருந்துவிடுவதுதான் பெரிய ஆபத்து. தொடக்கத் தேதிக்குப் பிறகு 30 நாளுக்குள் டிஎஸ்ஓ உங்கள் வருகையைச் செவிஸில் பதிய வேண்டும். நீங்கள் வரவும் இல்லை, தள்ளிவைக்கவும் இல்லை என்றால் உங்கள் செவிஸ் பதிவு ரத்தாகிவிடும். அதன் பிறகு கையில் விசா இருந்தும் பயனில்லை.

கேட்காமல் விடக் கூடாத கேள்வி ஒன்று: அட்மிஷன் ஒத்திப்போனால் உதவித்தொகையும் ஒத்திப்போகுமா? டீச்சிங் அசிஸ்டன்ட் வேலைக்கான கடிதம் தனி ஒப்பந்தம். துறை அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். எழுத்தில் பதில் வாங்குங்கள். ஸ்பிரிங் செமஸ்டரில் அந்தத் துறை ஆள் எடுக்கிறதா என்றும் கேளுங்கள். சில முதுகலைப் படிப்புகளில் கோர் (கட்டாய அடிப்படை) பாடம் ஃபாலில் மட்டும்தான் நடக்கும். ஜனவரியில் போனால் அடுத்த ஆகஸ்ட் வரை அதற்குக் காத்திருக்க நேரும். அப்படி இருந்தால் ஓராண்டு தள்ளுவதே மேல்.

கல்விக் கடன் வாங்கியவர்கள் விசா வரும் வரை முதல் தவணையை விடுவிக்கச் சொல்லாமல் இருப்பது நல்லது. பணம் வெளியே போன நாளிலிருந்து வட்டி. ஒத்திவைத்தால் வங்கி புது ஐ-20யும் புதுக் கட்டண விவரமும் கேட்கும். கடன் அனுமதிக் கடிதம் எத்தனை மாதம் செல்லும் என்றும் கிளையில் பார்த்துக்கொள்ளுங்கள். வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் அனுப்புவதும் அப்படியே, பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகு.

இப்போது டிக்கெட். தேதி மாற்றக் கட்டணம் இல்லை என்று போட்டிருந்தாலும், புதிய தேதியின் விலை அதிகமாக இருந்தால் வித்தியாசத்தைக் கட்டத்தான் வேண்டும். இரண்டும் வேறு வேறு. மாற்றுவதாக இருந்தால் விமானம் கிளம்புவதற்கு முன் மாற்றுங்கள். வராத பயணியாகிவிட்டால் டிக்கெட்டின் மதிப்பே போய்விடும். சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேர் விமானம் இல்லை என்பதால், டெல்லி வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து இன்னொன்று என்று தனித்தனியாக வாங்கத் தோன்றும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். ஒரே பிஎன்ஆரில் (ஒரே முன்பதிவு எண்ணில்) வாங்குங்கள். அபுதாபி வழியாக எதிஹாதில் போனால் அமெரிக்கக் குடிவரவுச் சோதனை அபுதாபியிலேயே நடக்கும். அங்கே குறைந்தது மூன்று மணி நேர இடைவெளி இருக்கட்டும்.

தாமதமாக வந்து சேர்பவரிடம் குடிவரவு அதிகாரி கேட்பது ஒன்றுதான்: வகுப்பு தொடங்கிவிட்டதே, இப்போது ஏன் வருகிறாய்? ஐ-20, தாமதமாக வரலாம் என்ற டிஎஸ்ஓவின் கடிதம், செவிஸ் ரசீது, நிதி ஆவணம் நான்கும் அச்செடுத்துக் கைப்பையில் இருக்க வேண்டும். செக்-இன் பெட்டியில் போட்டுவிட்டு அந்த மேஜை முன் நின்றால் தேடித் தர யாருமில்லை. போனில் இருக்கிறது என்று சொல்வதும் உதவாது. குடிவரவுக் கூடத்தில் பொதுவாகப் போனை எடுக்க விடுவதில்லை. உள்ளே போன அன்றோ மறுநாளோ ஐ-94 பதிவை (நீங்கள் நுழைந்ததற்கான அரசுப் பதிவு) இணையத்தில் திறந்து எஃப்-1 என்று இருக்கிறதா பார்த்துவிட்டு, நேராகச் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்குப் போய் வருகையைப் பதியுங்கள். அறையில் பெட்டியைப் பிரிப்பதெல்லாம் பிறகு.